பூட்டிய அறையும் அயலவள் மொழியும்: 'மணிச்சித்ரத்தாழ்', 'சந்திரமுகி' – ஓர் ஒப்பு நோக்கு

திரைப்பட மறுஆக்கங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் தீர்ப்பிலே தொடங்கித் தீர்ப்பிலேயே முடித்துவிடுகின்றனர். மூலம் கலை, மறுஆக்கம் வணிகம் என்பதே அத்தீர்ப்பு. 1993இல் வெளிவந்த 'மணிச்சித்ரத்தாழ்' என்னும் மலையாளப் படத்தையும், 2005 ஏப்ரல் 14இல், சித்திரைப் புத்தாண்டு நாளன்று, வெளிவந்த 'சந்திரமுகி'யையும் அருகருகே வைத்து நோக்குவோர் இத்தீர்ப்பை எளிதில் வழங்கிவிடலாம். பெருமளவுக்கு அது சரியான தீர்ப்புமாகும். எனினும் அதனுடன் நின்றுவிடும்போது, இவ்விரு படங்களுக்குமிடையே நிகழ்ந்த மாற்றங்களுள் மிக முக்கியமான ஒன்று நம் கண்ணிற்குத் தப்பிவிடுகிறது. அது கதாநாயகனின் பருமனைப் பற்றியதன்று. பாட்டுக்களின் எண்ணிக்கையைப் பற்றியதுமன்று. பேய் எந்த மொழியிற் பேசுகிறது என்பதைப் பற்றியது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்து இப்படங்களைப் பார்க்கும் கொழும்புத் தமிழருக்கு அது சிறு விடயமன்று என்பதே நாம் இங்கு கூற விழைவது.

மறுஆக்கம் என்ற நடைமுறை நம் நாட்டிற்குப் புதியதன்று என்பதை இடையே நினைவூட்டலாம். முதற் சிங்களப் பேசும் படமான 'கடவுணு பொறொந்துவ' 1947இல் மதுரையிலே எடுக்கப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ ஒரு தசாப்த காலம் சிங்களப் படங்கள் தென்னிந்தியக் கலையகங்களிலே தென்னிந்தியப் படங்களின் சாயலிலேயே உருவாகின. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' 1956இல் வந்து அவ்வழக்கை உடைத்தது. ஆகவே ஒரு கதை மொழி மாறும்போது எதை இழக்கிறது, எதை ஏற்கிறது என்ற வினாவை எழுப்ப நமக்கு உரிமையுமுண்டு, பழக்கமுமுண்டு.

மூலப் படத்தின் கதையை முதலிற் சுருக்கமாக நோக்குவோம். மதுமுட்டம் எழுதிய கதையைப் பாசில் இயக்கினார். கல்கத்தாவிலிருந்து நகுலனும் அவன் மனைவி கங்காவும் மாடம்பள்ளி என்னும் பூர்வீகத் தறவாட்டிற்கு வருகின்றனர். அவ்வீட்டின் தெக்கினி எனப்படும் தென்புற அறை சித்திர வேலைப்பாடமைந்த பூட்டொன்றினாற் பூட்டப்பட்டுக் கிடக்கிறது. முற்காலத்திலே அவ்வீட்டின் காரணவரான சங்கரன் தம்பி, தஞ்சாவூரிலிருந்து நாகவல்லி என்னும் ஆடல் மகளை அழைத்துவந்து வைத்திருந்தான். அவளோ எதிர்வீட்டில் வாழ்ந்த இராமநாதன் என்னும் ஆடற்கலைஞனை விரும்பினாள். துர்க்காட்டமி இரவிலே சங்கரன் தம்பி அவளைக் கொன்றான். அவளது ஆவி அவ்வறையில் அடைக்கப்பட்டிருப்பதாக வீட்டார் நம்புகின்றனர். கங்கா பூட்டைத் திறப்பிக்கிறாள். பின்னர் வீட்டில் விபரீதங்கள் நிகழ்கின்றன. நகுலனின் நண்பனான உளமருத்துவன் சன்னி வருகிறான். சிறீதேவி என்னும் உறவுப் பெண்ணின்மீது யாவரும் சந்தேகங் கொள்ளுமாறு விட்டுவைத்து, நோயாளி கங்காவே என்பதை அவன் கண்டறிகிறான். பேய் என்று ஒன்றில்லை. உள்ளம் பிளவுண்ட ஒரு பெண்ணே இருக்கிறாள்.

இப்படத்திலே கங்காவுக்கும் நாகவல்லிக்குமிடையேயுள்ள எல்லைக்கோடு எது? ஒப்பனையன்று, கங்கா தன் அன்றாடச் சேலையிலேயே நாகவல்லியாக மாறும் காட்சியே படத்தின் உச்சங்களுள் ஒன்று. அவ்வெல்லைக்கோடு மொழி. கங்கா மலையாளம் பேசுகிறாள். நாகவல்லி தமிழ் பேசுகிறாள். தெக்கினியிலிருந்து இரவில் எழும் பாட்டிலே தமிழ் ஒலிக்கும்போதே வீட்டார் நடுங்குகின்றனர். அத்தமிழ் வரிகளை வாலி எழுதினார் என்பதையும் குறிப்பிடவேண்டும். மலையாளப் பார்வையாளருக்கு இந்தத் தமிழ் பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் நிற்பது. அயலானது, ஆயினும் முற்றிலும் அந்நியமல்லாதது. அச்சத்திற்கு இத்தகைய அரைப் பரிச்சயமே உகந்த நிலம். 1919இல் இவ்வகை அச்சத்தைப் பற்றி எழுதிய சிக்மண்ட் பிராய்ட், அதற்கான ஜெர்மன் சொல்லின் அடியிலே 'வீடு' என்ற சொல்லே கிடப்பதைச் சுட்டிக்காட்டினார். முழுதும் அறியாதது நம்மை இவ்வாறு அச்சுறுத்துவதில்லை. ஒருகால் நம் வீட்டிற்குரியதாயிருந்து மறைக்கப்பட்டதே அச்சுறுத்துகிறது என்பது அவர் வாதம்.

இனி, இதே படத்தை ஒரு தமிழர் பார்க்கும்போது நிகழ்வதை எண்ணிப் பார்க்கவேண்டும். மாடம்பள்ளியில் உள்ளோர் பேசுவதை அவர் ஊகித்தும் திரையின் அடியில் ஓடும் வரிகளைப் படித்துமே அறிந்துகொள்கிறார். அவருக்கு இடைத்தரகர் எவருமின்றி விளங்கும் பேச்சு அந்த வீட்டிலே ஒருத்தியின் பேச்சு மட்டுமே, அவள் பேய். வீடு முழுவதும் அஞ்சும் குரல் அவருடைய தாய்மொழியில் ஒலிக்கிறது. வீட்டார் எதனைக் கேட்டு நடுங்குகின்றனரோ அதனைக் கேட்டு அவர் காதைத் தீட்டிக்கொள்கிறார். பாசில் இதனைத் திட்டமிட்டாரென்று நாம் கூறவில்லை. அவர் மலையாளிகளுக்காகவே படம் எடுத்தார். எனினும் தமிழ்ப் பார்வையாளர் மூலப் படத்திற் பெறும் இடம் அறைக்கு வெளியேயன்று, அறைக்கு உள்ளேயே என்பது படத்தின் அமைப்பிலிருந்தே பெறப்படுகிறது.

தஞ்சாவூர் ஆடல் மகள் திருவிதாங்கூர்த் தறவாட்டுக்கு வந்தது கற்பனையாயினும் வரலாற்றுக்கு முரணானதன்று. தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு சுவாதித் திருநாள் மன்னரின் அவையை அணிசெய்தவர். (பின்னர் நாம் குறிப்பிடவுள்ள நகைச்சுவை நடிகரை இவரோடு குழப்பிக்கொள்ள வேண்டா.) தஞ்சையிலிருந்து இசையும் ஆடலும் ஆடுவோரும் திருவனந்தபுரம் நோக்கிச் சென்ற பாதை பத்தொன்பதாம் நூற்றாண்டில் நன்கு மிதிபட்ட பாதை. இதனினும் சுவையான செய்தி ஒன்றுண்டு. மாடம்பள்ளியின் பகுதிகள் சில பத்மநாபபுரம் அரண்மனையிலே படமாக்கப்பட்டன. 1956இல் இந்திய மாநிலங்கள் மொழிவாரியாகச் சீரமைக்கப்பட்டபோது அவ்வரண்மனை நின்ற நிலம் கன்னியாகுமரி மாவட்டத்துடன் தமிழ்நாட்டுக்கு வந்தது. அரண்மனையோ கேரள அரசின் பராமரிப்பிலேயே இருந்துவருகிறது. அயல்மொழிப் பேய்க்கு அஞ்சும் மலையாள வீடு நிற்பது தமிழ் நிலத்தில். அதே 1956 யூனிலே நம் நாட்டில் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியது. எந்த மொழி எந்த வீட்டிற்குரியது என்ற வினாவுக்கு அவ்வாண்டில் இரு நாடுகளும் சட்டத்தால் விடை எழுதின. விடைகளோ வேறு வேறு.

இனி மறுஆக்கத்திற்கு வருவோம். பி. வாசு 2004இல் இக்கதையைக் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' என எடுத்தார். மறு ஆண்டில் அதன் வழியே தமிழுக்குக் கொணர்ந்தார். சிவாஜி புரொடக்சன்ஸ் தயாரித்த 'சந்திரமுகி' சென்னைச் சாந்தி திரையரங்கிலே 800 நாள்களுக்கு மேல் ஓடியது. கதை வேட்டையபுரம் அரண்மனைக்கு மாறுகிறது, காரணவர் மன்னனாகிறான், சங்கரன் தம்பி வேட்டையனாகிறான். தமிழ் வீட்டிலே தமிழ் பேசும் ஆடல் மகள் யாரையும் அச்சுறுத்தமாட்டாள். ஆகவே அவள் ஆந்திர தேசத்து விசயநகரத்திலிருந்து வந்த சந்திரமுகியாகித் தெலுங்கு பேசுகிறாள். 'ஆப்தமித்ரா'விலும் அவள் மொழி தெலுங்கே. 2007இல் பிரியதர்சன் இந்தியில் எடுத்த 'பூல் புலையா'வில் அவள் வங்காளத்து மஞ்சுலிகா. வங்க மொழியிற் பாடுகிறாள். பிரியதர்சன் மூலப் படத்தின் இரண்டாம் அணி இயக்குநர்களுள் ஒருவராய்ப் பணியாற்றியவர். கதையின் அச்சாணி எதுவென அவர் நன்கறிந்திருக்க வேண்டும். இவற்றுள் எல்லாவற்றையும் விஞ்சுவது 'சந்திரமுகி'யின் தெலுங்கு மொழிமாற்றத்தில் நிகழ்ந்தது. தெலுங்கருக்குத் தெலுங்குப் பேயாற் பயனில்லை. எனவே அங்கே சந்திரமுகியின் பாட்டு மீண்டும் தமிழாயிற்று.

கதையில் பெயர்கள் மாறலாம், ஊர் மாறலாம், கொலையின் விதம் மாறலாம் (நாகவல்லி வாளுக்கிரையாக, சந்திரமுகி தீக்கிரையாகிறாள்). பேய் அயல்மொழியினளாய் இருக்கவேண்டும் என்ற ஒன்று மாத்திரம் மாறுவதேயில்லை. ஒவ்வொரு மொழியும் தன் பூட்டிய அறையிலே அடுத்த வீட்டு மொழியை வைத்திருக்கிறது. அதுவும் எந்த அடுத்த வீடு? தமிழ்ப் படம் கன்னடத்தையோ மலையாளத்தையோ தெரிந்தெடுக்கவில்லை, தெலுங்கைத் தெரிந்தெடுத்தது. கன்னடத்திலிருந்து வந்த வழியில் ஒட்டிக்கொண்டது என்று இதனைத் தள்ளிவிடலாம். ஆயினும் அது தமிழ்ப் பார்வையாளருக்கு இயல்பாய்ப் பொருந்தியதற்கு ஒரு காரணமுண்டு. நாயக்கர் காலந்தொட்டுத் தஞ்சையின் அவை மொழியாகவும் ஆடலின் மொழியாகவும் தெலுங்கு விளங்கியது. பதினேழாம் நூற்றாண்டுக் க்ஷேத்ரய்யரின் தெலுங்குப் பதங்கள் சதிராட்டத்தின் உயிர்நாடியாயிருந்தன. ஆடல் மகளின் காமமும் ஏக்கமும் தமிழ்நாட்டின் அரங்குகளில் நெடுங்காலம் தெலுங்கிலேயே பாடப்பட்டன. மூலப் படத்தின் தஞ்சை நாகவல்லி உண்மையில் வாழ்ந்திருந்தாற்கூட அவள் பாடியவற்றுட் பாதி தெலுங்காகவே இருந்திருக்கும். இவ்வகையில் தமிழ் மறுஆக்கம் தன்னையறியாமலே ஒரு வரலாற்று உண்மையைத் தொட்டுவிட்டது. தொட்டதோடு சரி, அதனைப் பற்றி அதற்கு அக்கறையில்லை.

நமக்கு முக்கியமானது இதன் விளைவு. மூலத்தில் அறைக்குள்ளிருந்த தமிழ்ப் பார்வையாளரை மறுஆக்கம் கைப்பிடித்து வெளியே அழைத்துவந்து கூடத்திலே, வீட்டுடையாருடன், அமர்த்திவிடுகிறது. இனி அஞ்சப்படும் மொழி அவருடையதன்று. அவர் அஞ்சும் பக்கத்தில் இருக்கிறார். அதாவது, பூட்டும் பக்கத்தில் இருக்கிறார்.

இவ்விடமாற்றம் பெண்ணின் நிலையிலும் வெளிப்படுகிறது. மூலத்தின் கங்காவுக்கு ஒரு குழந்தைப் பருவம் உண்டு. பெற்றோர் கல்கத்தாவிலிருக்க, அவள் ஊரிலே பாட்டியிடம் வளர்ந்தவள். பின்னர், பள்ளி இறுதித் தேர்வு நாளிலே பெற்றோர் வந்து தம்முடன் அழைத்துச் செல்ல முற்பட்டபோது அவள் உள்ளம் முறிந்தது. பாட்டி சொல்லிய கதைகள், தனிமை, மணமான பின்னும் தொழிலே கதியென்றிருக்கும் கணவன், எதிர்வீட்டில் வந்து தங்கும் கவிஞனின் கவிதைகள்மீது அவளுக்குள்ள ஈடுபாடு ஆகிய யாவும் சேர்ந்தே நாகவல்லியை அவளுள் வரவழைக்கின்றன. நாகவல்லி விரும்பியவன் குடியிருந்த வீட்டிலேயே கங்கா நயந்த கவிஞனும் குடியிருக்கிறான் என்ற ஒற்றுமை, சொல்லப்படாமலே பலவற்றைச் சொல்லிவிடுகிறது. அந்நோய்க்குச் சமூகக் காரணம் உண்டு. சோபனா இதனைத் தம் உடலால் விளக்கினார். பரதம் பயின்ற அவ்வுடலிலே கங்காவின் தளர்ந்த நடையும் நாகவல்லியின் நிமிர்வும் இரு வேறு எலும்புக்கூடுகளில் நிற்பனபோலத் தோன்றின. அவ்வாண்டின் சிறந்த நடிகைக்கான தேசிய விருது அவருக்கு வழங்கப்பட்டது பொருத்தமே.

சந்திரமுகியாக நடித்த ஜோதிகாவின் உழைப்பைக் குறைத்து மதிப்பிட நாம் விரும்பவில்லை. கண்களை அகல விரித்து அவர் ஆடும் இறுதி ஆடல், நுட்பத்திற் குறைந்ததாயினும், தமிழ்ப் படங்களில் அக்காலக் கதாநாயகிகளுக்குக் கிட்டாத ஒரு வாய்ப்பு. குறை அவருடையதன்று. நோய்க்குக் காரணமான வாழ்க்கைக்கு மூலம் தந்த இடத்தை மறுஆக்கம் தரவில்லை. காரணம் சுருங்கச் சுருங்க நோய் மாயமாகிறது, நோயாளி பேயாகிறாள். அறையிலே பெரிய பாம்பொன்று ஊர்ந்து வருவதும் இதனாலேயே. மூலத்தில் அத்தகைய பாம்பு இல்லை. எல்லாம் மனத்தின் செயல் என்று மருத்துவன் விளக்கிக்கொண்டிருக்கையில், இப்பாம்பு எவர் மனத்திலிருந்து வந்தது என்று எவரும் வினவுவதில்லை.

சுருங்கிய இடத்தை நிரப்புபவர் கதாநாயகர். மோகன்லாலின் சன்னி படத்தின் நடுப்பகுதியிலேயே வந்து சேர்கிறான். விகடம் பேசித் திரிகிறான். அவ்விகடத்தின் மறைவில் நோயாளியைக் கவனிக்கிறான். ரஜினிகாந்தின் சரவணன் தொடக்கத்திலேயே சண்டையிட்டு நுழைகிறான். இதுவும் நாம் எதிர்பார்க்கக் கூடியதே. இதிற் காலத்தைச் செலவிடத் தேவையில்லை. எதிர்பாராதது வேறொன்று. கொலைகார மன்னன் வேட்டையனாகவும் ரஜினிகாந்தே தோன்றுகிறார். மூலத்தின் மருத்துவன் சங்கரன் தம்பியாய்த் திரையில் உலவுவதில்லை. தமிழிலோ மருத்துவனும் கொடுங்கோலனும் ஒரே முகம். ஒருத்தியைத் தீயிலிட்டவனின் 'லகலகலக' என்னும் எக்காளம் படத்தின் மிகப் பெரிய கைதட்டலைப் பெறுகிறது. சிறுவர் அதனைத் தெருவிற் பாவனை செய்தனர். சந்திரமுகியின் சாபத்தை எவரும் பாவனை செய்யவில்லை.

பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981இல் வெளிவந்த தமது ஆங்கில நூலிலே தமிழ்த் திரைப்படத்தை அரசியல் தொடர்புச் சாதனமாக ஆராய்ந்தபோது, சாதி வேறுபாடின்றித் தமிழர் யாவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து பார்த்த முதல் அரங்கு திரையரங்கே என்று கூறினார். அக்கூரையின்கீழ் அமர்ந்தோர் எவர் பக்கம் அமர்த்தப்படுகின்றனர் என்பது அதனைத் தொடர்ந்து எழவேண்டிய வினா. 'சந்திரமுகி'யில் அவர்கள் வேட்டையனின் பக்கம் அமர்த்தப்படுகின்றனர். அதனை அவர்கள் உணராதவாறு நகைச்சுவை பார்த்துக்கொள்கிறது. வடிவேலுவின் பேயச்சக் காட்சிகள் நன்கு அமைந்தவை. அவற்றுக்கு நாமும் சிரித்தோம். ஆனால் மனைவி தன் கண்முன்னே வேறொருத்தியாக மாறுவதைக் கண்ட கணவனாகப் பிரபு நெஞ்சுடைந்து கூறும் 'என்ன கொடுமை சரவணன் இது' என்ற சொற்கள்கூட, இரண்டே ஆண்டுகளில், 2007இன் 'சென்னை 600028' போன்ற படங்களின் வழியே, வெள்ளவத்தைப் பேருந்துத் தரிப்பிடம் வரை வந்து சேர்ந்த கேலித்தொடராயின. துயரத்தின் உச்ச வாக்கியம் நகைச்சுவையாக மாறுமிடத்து, அத்துயரத்தைப் படம் பார்வையாளருக்குச் சேர்ப்பிக்கத் தவறிவிட்டது என்றே கொள்ளவேண்டும்.

மூலத்தை இவ்வளவு உயர்த்திக் கூறியதனால் அது குற்றமற்றதென்று நாம் கொள்வதாகக் கருதவேண்டா. நிலவுடைமையாளன் ஒருவன் ஆடல் மகளைக் கொன்றான் என்பதே இரு கதைகளின் அடித்தளம். அறையைப் பூட்டியவர்கள் அவனுடைய வாரிசுகள். அப்பூட்டு பேயை அடைப்பதற்கென்று கூறப்பட்டாலும், உண்மையில் ஒரு கொலையை அடைப்பதற்கே உதவியது. கங்காவின் நோய் மூலம் அக்கொலை மீண்டும் பேச்சுக்கு வருகிறது; நோய் தீர்ந்ததும் மீண்டும் மறைகிறது. நாகவல்லிக்குக் கிடைப்பது என்ன? மந்திரவாதியும் மருத்துவனும் கூடிச் சுழலும் பலகையொன்றை அமைத்து, நகுலனுக்குப் பதிலாகச் சங்கரன் தம்பியின் பாவையொன்றை அவள் முன் வைக்கின்றனர். அவள் அதன் தலையை வெட்டித் திருப்தியுறுகிறாள். வீட்டின் வாரிசு காப்பாற்றப்படுகிறான். தறவாடு தறவாடாகவே நிற்கிறது. தமிழரின் பழையனூர் நீலி கதையை இதனுடன் ஒப்பிடலாம். அங்கே கொலையுண்ட பெண் பாவைக்கு ஏமாறவில்லை. தன்னைக் கொன்றவனையே அடைந்தாள். அவளுக்காக எழுபது வேளாளர் தீக்குளித்தனர் என்று மரபு கூறும். நாட்டார் மரபு கொலைக்கு உண்மையான விலையைக் கேட்டது. இருபதாம் நூற்றாண்டின் விஞ்ஞானம் அதனைப் பாவையோடு முடித்துக்கொள்கிறது.

பாவை காட்டிப் பேயை ஏமாற்றும் இவ்வுத்தி இலங்கையில் வாழும் நமக்கு அந்நியமானதன்று. தென்னிலங்கையின் தொவில் சடங்குகளிலும் நோயாளிக்குப் பதிலாக வேறொன்று யக்குவுக்குக் கையளிக்கப்படுகிறது. அவற்றுள் 'சன்னி யக்கும' என்னும் சடங்கிலே பதினெட்டு நோய்ப் பேய்கள் முகமூடியணிந்து தோன்றும். கணநாத் ஒபயசேகர 1969இல் இவற்றைப் பற்றி எழுதிய கட்டுரையும் புரூஸ் கப்பரர் 1983இல் வெளியிட்ட நூலும் இத்துறையில் எவரும் தவிர்க்க முடியாதவை. அப்பதினெட்டனுள் ஒன்றின் பெயர் 'தெமள சன்னிய' என்பது, அதாவது தமிழ்ச் சன்னி. அது தமிழ் கலந்த பேச்சாற் சிரிப்பை மூட்டும். தமிழரும் இவ்விடயத்தில் மேலானவர்களல்லர். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வல்லமை மிக்க சூனியம் என்றால் அது மலையாள மாந்திரீகமே. மலையாள வீடு தமிழ்ப் பெண்ணுக்கு அஞ்ச, தமிழ் வீடு மலையாள மந்திரத்திற்கு அஞ்சுகிறது. சிங்கள நோயாளியின் கனவிற் தமிழ்ச் சன்னி வருகிறது. திரைப்படம் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. சடங்கு வைத்திருந்ததை எடுத்துக்கொண்டது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. தொவிலில் அயல்மொழிப் பேயுடன் மக்கள் வாதாடுகின்றனர், பகடி பேசுகின்றனர், இறுதியில் விடைகொடுத்து அனுப்புகின்றனர். அச்சம் சிரிப்பாகிக் கரைந்துபோகும். 'சந்திரமுகி'யிலோ சிரிப்பு வேலைக்காரனுக்கும் அச்சம் பெண்ணுக்கும் எனப் பிரிக்கப்பட்டுவிட்டது.

ஒரு மனிதரை அவர் நாவைக் கொண்டு இனங்காணும் வழக்கம் இந்நகரில் திரையோடு நின்ற ஒன்றன்று. 1958ஆம் ஆண்டையும் 1983 யூலையையும் பற்றிக் கொழும்புத் தமிழர் கூறும் நினைவுகளிலே, வாளியைக் குறிக்கும் 'பால்திய' என்ற சிங்களச் சொல்லை உச்சரிக்கச் செய்து தமிழரைக் கண்டறிந்தனர் என்ற செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. வெள்ளவத்தையின் வீடுகள் பல 1983இல் எரிந்தன. அவற்றின் காணிகளுட் சிலவற்றிலே பின்னர் மாடிக் குடியிருப்புகள் எழுந்தன. 'சந்திரமுகி' வந்த 2005இல் போர்நிறுத்த உடன்படிக்கை நடைமுறையிலிருந்தது. கடற்கோள் நிகழ்ந்து நான்கு மாதங்கள் நிறைந்திருக்கவில்லை. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் மருத்துவத்திற்கும் கடவுச்சீட்டுக்கும் வெளிநாட்டு விசாவுக்குமாக வந்தோர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் விடுதி அறைகளிற் தங்கியிருந்தனர். பேருந்திலே கைத்தொலைபேசி ஒலித்தால் மெல்லிய குரலில் இரண்டொரு சொற் பேசி நிறுத்திக்கொள்ளும் பழக்கம் அவர்களுக்கு இருந்தது. கங்கா தன் மொழியை அடக்கியிருக்கும் வரை வீடு அமைதியாயிருந்தது என்பதை இவர்களுக்கு விளக்கிக் கூறவேண்டியதில்லை. 2007 யூன் 7ஆம் திகதி அதிகாலையிலே கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, வெள்ளவத்தை விடுதிகளிலிருந்து 300க்கும் மேற்பட்ட தமிழர் பொலிசாரால் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வவுனியா நோக்கி அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்து இடைக்கால உத்தரவிட்டது. தக்க காரணமின்றிக் கொழும்பில் தங்கியிருந்தனர் என்பதே அவர்கள்மீது கூறப்பட்ட குறை. வீட்டிற்கு உரியவர் யார், அறையில் இருப்பவர் யார் என்பதைப் பொலிசார் அன்று அறைக் கதவுகளைத் தட்டித் தீர்மானித்தனர்.

இத்தகையோர், மாலையிலே விடுதியின் தொலைக்காட்சியில் வேட்டையனின் எக்காளத்திற்குக் கைதட்டினர் என்றால் அதனை அறியாமை என்று இகழ்வது எளிது. நாம் அவ்வாறு கருதவில்லை. நாள் முழுவதும் அறைக்குள்ளிருந்தவர்க்கு இரண்டரை மணி நேரம் வீட்டுடையாராய் அமர்ந்திருப்பது ஓர் ஆறுதல். ரஜினிகாந்த் படம் விற்பது அதையே. ஆனால் அந்த ஆறுதலின் விலை, அதே இரண்டரை மணி நேரம் மற்றொருத்தியின் மொழியை அச்சத்திற்குரியதாகக் கேட்டுக்கொண்டிருப்பது. மூலம் நம்மிடம் இவ்விலையைக் கேட்கவில்லை. நமக்கு அந்த ஆறுதலைத் தரவுமில்லை. நாகவல்லியின் தமிழை விளங்கிக்கொண்ட குற்றத்தோடு அது நம்மை இருக்கவிட்டது. இக்காரணத்தினாலேயே, ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் காலத்தால் மங்கிய பின்னரும், மூலத்தை மேலான படமாக நாம் கொள்கிறோம்.

பின்வந்த தொடர்ச்சிகள் இத்திசையில் மேலும் சென்றன. 'பூல் புலையா'வின் இரண்டாம் பாகம் 2022இலும் 'சந்திரமுகி'யின் இரண்டாம் பாகம் 2023இலும் வந்தன. இவற்றிலே நோயாளி இல்லை, மருத்துவனுக்கு வேலையில்லை, பேய் உண்மையாகவே இருக்கிறது. அயல்மொழி பேசுபவள் முன்னர் ஒரு பெண்ணின் துன்பத்தினாற் தோன்றியவளாக இருந்தாள். இப்போது அவள் தன்னிலேயே தீயவள். இவற்றைத் தனியே ஆராய்வதற்கு அவற்றில் அதிகமில்லை.

மூலப் படம் 2024 ஓகஸ்டில் புதுப்பிக்கப்பட்ட பிரதியாகத் திரையரங்குகளுக்கு மீண்டும் வந்தது. அப்போது அதனைக் கண்டோர் செவிகொடுத்துக் கேட்டிருக்கக்கூடிய ஒன்றைக் குறிப்பிடலாம். கங்காவின் மலையாளக் குரல் பாக்கியலட்சுமி என்னும் குரற்கலைஞருடையது. நாகவல்லியின் தமிழ்க் குரல் அவருடையதன்று. துர்க்கா என்னும் தமிழ்க் குரற்கலைஞருடையது. இரண்டும் ஒருவரே கொடுத்த குரல்கள் என்று கேரளத்தினர் நெடுங்காலம் நம்பியிருந்தனர். இரண்டு தசாப்தங்களுக்குப் பின்னர் பாசிலே எழுதித்தான் அத்தமிழ்க் குரலுக்குரியவர் யாரென்பது பலருக்குத் தெரியவந்தது.